சிற்றீச்சங் குருத்து

இந்துமதியின் அப்பாவுக்கு,

உங்கள் உப்பளத்தில் வேலை பார்க்கும் செல்லப்பாண்டி அண்ணாச்சி நேற்று வேம்பார் பஸ்ஸில் வந்து, மூன்றாவது தடவையாக என் நாட்டு மருந்துக் கடையில் சிற்றீச்சங் குருத்து கேட்டார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"சொந்தக்காரருக்கு. நீர்க்கடுப்பு."

"சுக்கு சேத்துத் தரவா?"

"வேண்டாம்னு சொல்லுதாவ. சுக்கு வாடையே ஆகாதாம்."

சுக்கு வாடை ஆகாத ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் பதினெட்டு வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறேன்.

"ரத்தம் போவுதா?" என்று கேட்டேன். அண்ணாச்சி தராசைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

உங்கள் உப்பளத்துக்குப் பின்னால் அந்தக் குட்டை ஈச்சஞ் செடி முழங்கால் உயரத்துக்குச் சும்மா மண்டிக் கிடக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். அதை வெட்டிக்கொள்ளாமல், ஆறு வருஷமாகப் பேசாதவள் கடைக்கு எதற்கு ஆள் அனுப்பினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

குருத்து சூட்டுக் கடுப்புக்குத்தான் கேட்கும். ரத்தம் போனால் கேட்காது. அதனால், இன்று அண்ணாச்சியை வரச் சொல்லிக் கொடுத்தனுப்பும் இந்தப் பொட்டலத்தில் மருந்து இல்லை. ஆஸ்பத்திரி டோக்கனும் ஒரு படிவமும்தான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஸ்கேன் எடுப்பார்கள், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

படிவத்தில் உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் நிரப்பவில்லை. நீங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரி