அட்டையில் இல்லாத வரி

என் அன்பு வாப்பாவுக்கு, உங்கள் மூத்தவன் தாராவியிலிருந்து ஸலாம் சொல்லி எழுதுவது.

நாற்பதாம் நாள் பாத்தியாவும் ஓதியாயிற்று. உயிரோடு இருந்தபோதே உங்களுக்குப் படிக்கத் தெரியாது, இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று தங்கச்சி ஆயிஷா கேட்கிறாள். நேரில் சொல்லத் துப்பில்லாதவன் எழுதித்தானே ஆகவேண்டும்?

பதினான்கு வயதில் கல்யாண பேண்டில் போய்ச் சேர்ந்தேன். ஜமாஅத்தில் உங்களைக் கூப்பிட்டு, “ஒம் மவன் ஊதிக்கிட்டுத் திரியுதானாமே” என்று கேட்டார்கள். “ஊதத்தானே செய்யுதான், திருடலையே” என்றீர்களாம். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் பிழைத்தேன்.

பழைய சாக்ஸபோன் ஒன்று கைக்கு வந்தது. அதன் துளைகளை மூடுகிற மூடிகளுக்கு அடியில் மெல்லிய தோல் வில்லைகள் இருக்கும். பம்பாய் மழையில் அவை ஊறி உப்பிப்போய்க் காற்று கசியும். உங்கள் தோல் பட்டறையில் பர்ஸுக்கு உள்ளே ஒட்டுகிற ஆட்டுத்தோலை இன்னும் மெல்லிசாகச் சீவி, வட்டம் வட்டமாக வெட்டி, நீங்களே ஒட்டினீர்கள். என்னை ஊதச் சொல்லிவிட்டு, குனிந்து காதை வைத்து, “இங்ஙன சீறுது பாரு” என்பீர்கள். சரியாக அங்கேதான் கசியும்.

மில் ஸ்ட்ரைக் வந்தது. மில்காரர்கள் வீட்டுக் கல்யாணங்கள் குறைந்ததில் பேண்டுக்கு வேலை இல்லை. ஹோட்டல் ஒன்றில் காய்ச்சலில் படுத்தவருக்குப் பதிலாக ஊதப் போனவன், ஜாஸ் பழகி அங்கேயே ஒட்டிக்கொண்டேன். ஐந்தாம் வருஷம் ஒரு கம்பெனி ரெக்கார்ட் போடக் கூப்பிட்டது.

“சேக் மைதீன், தாராவி... யே நாம் நஹீ சலேகா யார்” என்றான் கம்பெனிக்காரன். இந்தப் பெயர் எடுபடாதாம். மண்டையை மண்டையை ஆட்டினேன். ரெக்கார்டின் அட்டையில் இங்கிலீஷில் டோனி என்று போட்டார்கள். பாந்திராவில் பிறந்தவன் என்றும், தகப்பனார் சர்ச்சில் வயலின் வாசித்தவர் என்றும் போட்டார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான், வாப்பா. எப்படித்தான் மனசு வந்ததோ!

ரெக்கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கினீர்கள். “என்னலே போட்ருக்கான், படி.”

“சேக் மைதீன், தாராவி. இவருடைய வாத்தியத்துக்குத் தோல் வெட்டிக் கொடுத்தவர் இவருடைய தகப்பனார் அப்துல் காதர்” என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! “அந்தத் தோலு வரிய இன்னொருக்கப் படிலே” என்றீர்கள்.

பதற்றத்தில், “தோல் ஒட்டியவர் தகப்பனார்” என்று படித்துவிட்டேன்.

“முன்ன வேற மாதிரில்லா படிச்ச?”

“ரெண்டும் ஒண்ணுதான் வாப்பா.”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனீர்கள்.

இங்கிலீஷ் தெரிந்த யாராவது ஒருத்தர் படித்தால் போதாதா? ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டே போய் வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். சீ, என்ன பிழைப்பு அது!

போன வாரம்தான் ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அதானா காக்கா? இங்கிலீஷ் தெரியாத ஆளாப் பாத்துப் பாத்து வீடு வீடால்லா வாப்பா காட்டுனாங்க. காலேஜுக்குப் போற மும்தாஜ் கைய நீட்டுனா. அழுக்காயிரும்னுட்டு முதுகுக்குப் பின்னால ஒளிச்சிக்கிட்டாங்க.”

அப்படியானால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா? ஏன் வாப்பா என்னை ஓங்கி ஒரு அறை விடவில்லை? என் பொய்க்கு நீங்கள் காவல் நிற்கவேண்டிய தலையெழுத்தா?

இரண்டாவது ரெக்கார்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதே டோனியை. முந்தாநாள் போய், என் பெயரும் உங்கள் பெயரும் போட்டால்தான் ஊதுவேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறார்களாம். சொல்லாமலே போனாலும் போகட்டும்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு, நீங்கள் ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அதில் உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டப்போகிறேன். காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். முதலில் உம்மாவுக்குப் படிப்பேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
தாராவி தோல் பட்டறை அப்துல் காதர் மகன்
சேக் மைதீன்