பின் சீட்டில் ஒரு வகுப்பு

அன்பு மகளுக்கு,

நலம்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. ஆனால் பார்வை மங்கல்தான். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அப்போ காரை வித்துடுங்கம்மா, யார் ஓட்டப் போறாங்க?" என்று நீ போனில் கேட்டாய். கார் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் யாரை எதிர்பார்ப்பது? அதனால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன்.

சிரிக்காதே. கிளட்ச், கியர் எல்லாம் வந்துவிட்டது. லெஃப்ட், ரைட்தான் வரவில்லை. பயிற்சிக்காரர் லெஃப்ட் என்றால் ரைட்டில் திரும்புகிறேன். "டீச்சரம்மா, நான் சொன்னது லெஃப்ட்டு. நீங்க யார் வீட்டுக்குப் போறீங்க?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். லைசென்ஸ் தேர்வில் இன்னும் மோசம். அதிகாரி லெஃப்ட் என்றார். நான் வலப்பக்கம் வளைந்து, அங்கே நின்ற அவருடைய ஸ்கூட்டருக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போட்டேன். "மேடம், இங்கிலீஷ் புரியலன்னா தமிழ்லயே சொல்றேனே" என்றார் அந்த மனிதர். காலமெல்லாம் இங்கிலீஷ் நடத்தியவளிடம்! ஃபெயில்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. நீயும் என் வகுப்பில் இருந்தவள்தானே? பிள்ளைகளுக்கு எதிரே நின்று லெஃப்ட் என்று சொல்லி, என் வலது கையைத் தூக்குவேன். அப்போதுதான் அவர்களுக்கு அது இடப்பக்கமாக இருக்கும். தூக்கித் தூக்கிக் கைக்கு அதுவே பழகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "பிள்ளைங்களை ஏன் உன்னைப் பாத்தாப்ல பானட் மேல உட்கார வச்சிருக்கே? பின் சீட்டுல உட்கார வை. நீ பாக்குற பக்கந்தான் அவங்களும் பாப்பாங்க" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். நேற்று மறுதேர்வு. மனசுக்குள் ஒரு வகுப்பையே பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். பாஸ்! அதிகாரி மட்டும் முன்யோசனையாகத் தம் ஸ்கூட்டரைத் தெருக்கோடியில் நிறுத்தியிருந்தார்.

ஆகவே காரை விற்கும் பேச்சு இனி வேண்டாம்.

இங்கிலீஷ் வகுப்பில் ‘டுவர்ட்ஸ்’, ‘அவே’ பாடத்துக்கு எப்போதும் உன்னைத்தான் நடக்கவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? என்னைவிட்டு விலகி வாசலைப் பார்த்து நடந்தால் அவே. திரும்பி என்னிடம் வந்தால் டுவர்ட்ஸ். அவேயை ரொம்ப நன்றாகச் செய்து காட்டிவிட்டாய், கண்ணு. பாடம் பாதியில் நிற்கிறது. எந்த ரயில் என்று மட்டும் சொல். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பின் சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் வருகையை எண்ணி,
அம்மா