காப்பு நாளும் எண்ணெய்ச் சட்டியும்

மீன்சுருட்டி,
மாசி 21.

அன்புள்ள அறிவரசன் அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல வெற்றிச்செல்வி எழுதுவது. இங்கே மூவரும் சுகம். குவைத் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே அம்மாவின் நினைப்பு. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாயாம், அதனால்தான் கடிதம்.

திருச்சி சிப்ஸ் கம்பெனியோடு நேற்று ஒப்பந்தம் முடிந்தது. பெயர் அவர்களுடையது, மெயின்ரோட்டுக் கடையும் அடுப்பும் நம்முடையது. இருபத்திரண்டு பக்கத்தையும் அகராதி வைத்து மூன்று நாள் படித்து அம்மாவுக்கு விளக்கினேன். பதினாறாவது பிரிவில்தான் சிக்கல். வருடத்தில் ஒரு நாள்கூட வறுவல் நிற்கக் கூடாது, நின்றால் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் அவிழ்க்கும் வரை நம் ஊர் எல்லைக்குள் தாளிப்பதுகூடக் கிடையாதே, எண்ணெய்ச் சட்டியை எப்படி வைப்பது? நீயோ போனில், பேசாம கையெழுத்தப் போடும்மா, அவங்க வேற ஆளப் பாத்துடப் போறாங்க என்றாய். அப்பாவும் உன் கட்சிதான், திருச்சி ஆபீஸில் பேனா மூடியைத் திறந்து கையிலேயே வைத்திருந்தார். அம்மா அந்தப் பேனாவை வாங்கி மூடி என்னிடம் கொடுத்துவிட்டாள். (இதை எழுதாதே என்கிறாள், எழுதிவிட்டேன்.)

மேலாளர் கிருஷ்ணமூர்த்தி சார் நல்ல மாதிரிதான். அந்த எட்டு நாளைக்கு வெளியூர் ஆளை வச்சு வறுத்துக்குங்கம்மா என்றார். ஆளு மாறினா அடுப்பு வேற ஊருக்குப் போயிடுமா சார் என்றாள் அம்மா. அவர் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. ஊரே ரசத்துக்குக்கூடத் தாளிக்காம இருக்கையில எங்க கடை வாசம் மட்டும் தெருவுல போனா, காப்பு அவுத்த பொறவு யாரு சார் எங்கிட்ட வந்து வாங்குவா, உங்க பேரும் சேர்ந்துல்ல கெடும் என்று அம்மா கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிப்ஸ் கடைக்காரியாக அல்ல, அவருக்குச் சமமாகப் பேசினாள் அண்ணா. எனக்குப் புல்லரித்தது.

அம்மாவும் ஒன்று விட்டுக்கொடுத்தாள். கடையைப் பூட்டுவதில்லை, அடுப்பு மட்டும் ஓய்வு, திருச்சியிலிருந்து வரும் பாக்கெட்டை விற்பது. சரியென்று சார் சித்திரை இருபது முதல் இருபத்தேழு வரை என்று தட்டச்சுச் செய்யச் சொன்னார். போன வருடத் தேதியை அம்மாதான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். வருடா வருடம் தேதி மாறுமே என்று நான் அவள் முழங்கையை இடித்தேன். உடனே அம்மா, தேதிய நான் சொன்னது தப்பு சார், ஊர்க்கூட்டம் போட்டாத்தான் தெரியும் என்றாள். தேதியில்லாம ஒப்பந்தமா என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், காப்புக் கட்டும் நாள் முதல் அவிழ்க்கும் நாள் வரை, பத்து நாளுக்கு மிகாமல், ஊர்க்கூட்டம் முடிந்த மறுநாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அதன் பிறகுதான் என்னிடமிருந்த பேனாவைக் கேட்டாள். சுமதி என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டாள். வரும் வழியெல்லாம் அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அந்தப் பிரிவைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், தானே பேசி வாங்கியது போல.

எண்ணெய்ப் பலகாரம் அதிகம் தின்னாதே, தண்ணீர் நிறையக் குடி. இந்த வருடம் காப்பு அவிழ்த்த மறுநாள்தான் புதுக்கடையில் முதல் சட்டி ஏறும். முதல் கை சிப்ஸை நீதான் வாங்க வேண்டுமாம். இப்போதே டிக்கெட் போட்டுவிடாதே. கம்பெனிக்குக் கொடுத்த சொல்தான் உனக்கும், கூட்டம் முடிந்த மறுநாளே எழுத்தில் தெரிவிப்போம். லீவுக்கு மட்டும் சொல்லி வை.

ஆத்தா துணையிருப்பாள், நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு, உன் அம்மா
சுமதி
(கையெழுத்து மட்டும் அம்மாவுடையது)