மாமன் சேலையும் முதல் தாளும்

சேரன்மகாதேவி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

கலையரசி எழுதுகிறேன். பிள்ளைகள் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கே வெயில் எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இதென்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று திகைக்காதீர்கள். போன் வந்தால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினாலோ நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை சவூதிக்கு, உங்கள் தம்மாமுக்கே திரும்பும் அசன் மைதீன் அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் அக்கா கோமு மதினியின் மகளுக்குச் சடங்கு. வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. ஆழ்வார்குறிச்சியில் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நேரம் குறித்திருக்கிறார்கள். தாய்மாமன் நீங்கள் ஊரில் இல்லாததால் மாமன் சேலையை நான்தான் கொடுக்க வேண்டும். அதே நாள் பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் எனக்குப் பரீட்சை. அஞ்சல்வழிப் படிப்பில் நிற்கிற ஒரே தாள், முதல் வருஷத்து முதல் தாளான சமூகவியல் அறிமுகம். இந்தத் தடவையும் விட்டால் பதிவே காலாவதியாகிவிடும். இத்தனை வருஷப் படிப்பும் பாழ் அத்தான்.

போன முறை மூன்று மார்க்கில் போயிற்று. 'பங்கு முரண்பாடு என்றால் என்ன? உதாரணம் தருக' என்று கேட்டிருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு கடமைக்குக் கட்டுப்படுவது என்று எழுதிவிட்டு, உதாரணம் தோன்றாமல் விட்டேன். இப்போது கேட்டால் நாலு பக்கம் எழுதுவேன்!

அத்தையிடம் நான் எப்படிச் சொல்ல? அவர்களைப் பொறுத்தவரை ஞாயிறுதோறும் நான் போவது காலேஜ் வகுப்புக்கு இல்லை, தையல் கிளாஸுக்கு. "அம்மாட்ட பைய சொல்லிக்கிடலாம்" என்றீர்கள். மூன்று வருஷமாகப் 'பைய, பைய' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் அத்தை ஜாக்கெட் துணியை நீட்டித் தைத்துத் தரச் சொன்னார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. தையல் மிஷின் வைத்திருக்கும் ஆபிதா பீவி அக்காவிடம் ஓடிப்போய்த் தைத்து வாங்கிவந்து கொடுத்தேன். அத்தை போட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்குக் கை நல்லா ஓடுதுட்டீ" என்றார்கள். வெட்கத்தில் செத்துப்போனேன்.

மதினியிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அழைக்க வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறந்த வீட்டில் ஆள் இல்லாதவள் என்று அவள் நாத்தனார்கள் இப்பவே பேசுதாளுகளாம். "நீ வந்து நின்னாத்தான் எனக்கு மரியாதை" என்றாள். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள். அவள் தலைகுனிய நான் காரணமாக இருப்பேனா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடமாட்டேன் என்கிறது.

காலண்டரில் பார்த்தேன். அன்று மத்தியானம் மூன்றரைக்கும் நல்ல நேரம் இருக்கிறது. ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்ததும் பஸ் பிடித்தால் வந்துவிடலாம். தண்ணீர் ஊற்றுவது காலையிலேயே நடக்கட்டும், மாமன் சேலையை மட்டும் மூன்றரைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னால் அது திமிர். நீங்கள் சொன்னால் தாய்மாமன் வார்த்தை, ஒருத்தரும் மறு பேச்சுப் பேசமாட்டார்கள். மதினியிடமும் அத்தையிடமும் படிப்பு விஷயத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அத்தை அழுவார்கள், ஏசுவார்கள். பொய் சொன்னதற்கு நான் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சி வெள்ளிக்கிழமைக்குள் இதை உங்களிடம் சேர்த்துவிடுவார். அதற்கப்புறம் ஒன்பது நாள் இருக்கிறது. ஒரு போன் போதும்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை, சொல்கிறேன். அந்த ஞாயிறு காலை ஏழரைக்குப் பாளையங்கோட்டை பஸ்ஸில் நான் ஏறத்தான் போகிறேன். அத்தையிடம் சொல்லிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு ஏறவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. என்னைத் திருட்டுத்தனமாக ஏற வைத்துவிடாதீர்கள் அத்தான்.

உங்கள்,
கலையரசி