ஐந்தாவது பெட்டி

இடைசெவல்,
புதன் இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சுக்கோங்க. காவியாவுக்கு மூன்று நாளாகச் சளி. இப்போதுதான் என் மடியை விட்டு இறங்கித் தூங்குகிறாள். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை நல்ல மழை. உளுந்துக்கு ஆச்சு என்று ஊரே சந்தோஷப்பட்டது. அத்தைக்கு மட்டும் மாடியில் நீங்கள் வைத்த விமான சிக்னல் பெட்டி நனைகிறதே என்று கவலை. கோயில் கொடைக்குச் சோறு பொங்குகிற அலுமினிய அண்டாவைப் பெட்டியும் ஆன்டெனாவும் மூடும்படி கவிழ்த்துவிட்டார்கள். இன்று காலையில்தான் பார்த்தேன். சிக்னல் வராதே என்றதற்கு, ஏட்டி, எம்மவன் ஆசையா வச்சது நனையட்டும்னு விடச் சொல்லுதியா என்று என்னை ஏசினார்கள்.

அத்தான், நானும் இ.சி.இ. படித்தவள்தான். விமானத்தின் சிக்னல் எந்தப் பெட்டிக்கு எந்த நொடியில் வந்தது என்ற வித்தியாசத்தில்தான் அதன் இடம் தெரியும், நாலு பெட்டி வேணும், ஒன்று செத்தாலும் மேப்பில் புள்ளி நின்றுவிடும் என்று சொன்னது நீங்கள். நம் வீடு, எப்போதும்வென்றான் ஊரில் மணிகண்டபிரபு வீடு, குளத்தூரில் சோலைமுத்து மாமா வீடு, சாத்தூரில் என் அண்ணன் வீடு. எனக்குத் தெரிந்து நாலுதான்.

நம் பெட்டி இரண்டு நாளாக அண்டாவுக்குள் கிடக்கிறது. மேப்பில் விமானங்கள் நிற்காமல் ஓடுகின்றன. போன மாதம் பத்து நிமிஷம் கரண்ட் போனதற்கே பதறிப்போய்க் கூப்பிட்டீர்கள். இந்தத் தடவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்தாவதாக ஒரு பெட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று மணிகண்டபிரபுவிடம் கேட்டேன். மதினி, அதை அண்ணாச்சிகிட்டயே கேட்டுக்கோங்க என்று சட்டென்று போனை வைத்துவிட்டான். எப்போதும் காவியாவைக் கொஞ்சாமல் வைக்கமாட்டான். போன லீவில் கேபிள் வாங்கத் தூத்துக்குடிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தீர்களே, அதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெட்டியைச் சும்மா உதிரிக்கு வைத்ததாகவும் இருக்கலாம். அப்படியென்றால் என்னிடம் ஏன் மறைக்கணும்? பெட்டியை ஒரு சாண் நகர்த்தினாலும் கணக்குத் தப்பிவிடும், அதனால் உரிமையோடு போய்ச் சாப்பிட உட்காருகிற வீட்டில்தான் வைப்பேன் என்பீர்கள். அப்படி உட்காருகிற ஐந்தாவது வீடு எது?

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எதுவாக இருந்தாலும் உங்கள் வாயாலேயே எனக்குத் தெரியட்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
முத்துசெல்வி