கொசுவோடு ஒரு சண்டை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். லிஃப்ட் மோட்டார் அறையில் டூல் பெட்டியை மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். கலவரத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் அங்கே ஒன்பது பேர். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிற கவுன்சிலிங் டீச்சர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார், துக்கத்துக்குப் பிறகு மனசு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போட வேண்டுமாம். நம்மவள் எல்லாவற்றுக்கும் ஐந்து. மற்ற எட்டுப் பேருக்கும் இவள்தான் தைரியம் சொல்கிறாளாம், இந்த வயசுல இப்படி ஒரு பக்குவத்த நான் பார்த்ததே இல்ல சார் என்று டீச்சர் பூரித்துப் போனார். எனக்கு நம்ப முடியவில்லை. படிவத்தை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், ஒவ்வொரு ஐந்துக்கும் அடியில் பென்சிலால் போட்டு அழித்த பூஜ்யம். மனதில் உள்ளதை வீட்டில் சொல்ல முடிகிறதா என்ற இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தாள். வரும் வழியில் கேட்டேன். பூஜ்யம் போட்டா உங்களத்தான் அடிக்கடி கூப்பிடுவாங்கப்பா, உங்களுக்கு லீவு ஏது என்றவள், சட்டைப் பொத்தான் அறுந்திருக்கு, கழட்டிப் போடுங்க, தைச்சிடறேன் என்றாள். அச்சு அசல் உன் அம்மா.

தப்பு என்னுடையதடா. லேப் வேலை முடிந்து வந்த உன் அம்மா தெருமுனையில் குண்டடிபட்டு இறந்து, அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அன்று, எல்லோரும் பார்க்க இவள் கையைப் பிடித்துக்கொண்டு இனிமே இந்த வீட்டுக்கு நீதாம்மா அம்மா என்று சொல்லித் தொலைத்தேன். பதினாறு வயசுப் பிள்ளையிடம். ஏழு மாதமாகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் அன்னிக்குச் சொன்னத மறந்துடும்மா என்று முந்தாநாள் கெஞ்சிப் பார்த்தேன், எனக்கொண்ணும் கஷ்டமா இல்லப்பா என்கிறாள். நீ வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, கொசு என்று கூப்பிட்டும் பார்த்தேன், நான்தான் பிள்ளை என்பதுபோல என் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீயும் இப்போது அவளிடம் பதவிசாகப் பேசுகிறாய். வேண்டாம் ராஜா. முன்பு நீ கொசு என்றால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவாளே, அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாளே, அம்மா போய்ச் சமாதானம் செய்வாளே. உன்னிடம் மட்டும்தான் அவள் இன்னும் சின்னவள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நலம் விசாரிக்காதே. உன் சைக்கிளைத் தொலைத்தாளே, அதைக் கிளறு, வாய்க்கு வந்தபடி பேசு, அவள் கத்தட்டும், போனை விட்டெறியட்டும். கதவைச் சாத்திக்கொண்டாலும் பயப்படாதே, இந்தத் தடவை வெளியே நான் நிற்பேன்.

அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே தருகிறேன், நீ நன்றாக இரு. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா