மாத்ருபூதம் போடாத கையெழுத்து

வீடு எண் 4, முதல் மாடி
காட்டூர், திருச்சி
9 மார்ச் 2025

குடியிருப்போர் சங்கச் செயலாளர், மூன்றாம் மாடி மாத்ருபூதம் சமூகத்துக்கு,

இரண்டு மாடி ஏறி வந்து கேட்டால், "எழுத்துல குடுத்துருப்பா, நாளைக்கு யாரும் ஒண்ணு சொல்லக்கூடாது" என்கிறாய். ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் உன் தோளில் சாய்ந்து தூங்கியவன் உனக்கே விண்ணப்பம் எழுதுகிறேன். எல்லாம் நேரம்.

கீழே என் காருக்கு ஒதுக்கிய இடத்தில், என் மீட்டரிலிருந்தே ஒயர் இறக்கி, ஒரு சார்ஜிங் பாயின்ட் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சங்கத்தின் "ஆட்சேபணை இல்லை" கடிதம் வேண்டுமாம். உன் கையெழுத்து ஒன்று போதும்.

நேற்று டெலிவரி எடுத்தோம். ஷோரூமில் வண்டியைச் சிவப்புத் துணியால் மூடி, என் வீட்டுக்காரி ஜோதியை விட்டு இழுக்கச் சொன்னார்கள். கிளப்பினால் எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "கெளம்பிருச்சா, இல்ல இன்னும் யோசிக்குதா?" என்று கேட்டாள். என் இடது கால் வீடு வரைக்கும் கிளட்சைத் தேடிக்கொண்டே வந்தது.

ஏன் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி ஸ்ரீரங்கம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு அவள் ஆட்டோவில் திரும்பும்போது, அந்தக் குலுக்கலுக்கும் புகைக்கும் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுகிறாள். "கரன்ட் வண்டி வாங்குப்பா, ஆட்டாம அசைக்காம கொண்டுபோவும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் நீதான்.

உனக்குக் கேசரி எடுத்து வைத்திருக்கிறாள். கையெழுத்தோடு வந்தால் கிடைக்கும்.

உன்
நவநீதன்


17 மார்ச் 2025

அன்புள்ள நவநீதா,

நேற்று ஜோதியைத் தனியாக விட முடியாமல் நீ கூட்டத்துக்கு வரவில்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து வீட்டுக்காரர்கள் சரி என்றார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். டோரதி டீச்சர் எங்கோ ஒரு ஸ்கூட்டர் பற்றி எரிகிற வீடியோவைப் போனில் காட்டினார். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கை தூக்கவில்லை.

ஆடி கழிந்ததும் மறுபடி பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் எழுதுகிறேன். கேசரி டப்பாவை வாட்ச்மேன் அடைக்கலத்திடம் கழுவிக் கொடுத்திருக்கிறேன். ஜோதியிடம் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்.

அன்புடன்
மாத்ருபூதம்


27 ஏப்ரல் 2025

மாத்ரு,

வண்டி பழகிவிட்டது. இடது கால் இப்போது சும்மா கிடக்கிறது. வலது காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைகிறது, பிரேக்குக்கு வேலையே இல்லை. ஜோதி திரும்பும்போது பால்பண்ணை வரைக்கும் தூங்குகிறாள். மூன்று வருஷத்தில் அவள் வழியில் தூங்கி நான் பார்த்ததில்லை.

சார்ஜ் ஏற்றுவதுதான் பாடாக இருக்கிறது. துவாக்குடிப் பக்கம் நெடுஞ்சாலையில் இரண்டு மெஷின். ஒன்று எப்போதும் ரிப்பேர். போனால் அரை நாள் போய்விடுகிறது. அந்த நேரமெல்லாம் ஜோதி வீட்டில் தனியாக இருக்கிறாள். அதனால்தான் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இறக்கினேன். நேற்று அதைச் சுருட்டி என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். காலிங் பெல்லைக்கூட அடிக்கவில்லை.

உனக்கு ஏன் கை வரவில்லை என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் மூக்கன் தீயில் போன அன்று நானும் அதே ஷாப்பில்தான் இருந்தேன். ஆனால் மூக்கனுக்காக ஜோதியை எதற்குத் தண்டிக்கிறாய்? ஆறின புண் அது என்று நினைத்திருந்தேன்.

நவநீதன்


2 மே 2025

அன்புள்ள நவநீதா,

அந்த ஒயரின் பிளக்கைப் பார்த்தாயா? பழுப்பேறி இளகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் உன் சமையலறையே எரிந்திருக்கும். முறையாக பாயின்ட் வைத்தால் இந்த ஆபத்து இல்லை என்பது எனக்கும் தெரியும். பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்தும் முடியவில்லை. டாங்கிக்குள் வெல்டிங் செய்யலாம், தீ ஆபத்து இல்லை என்று மூக்கனின் பெர்மிட்டில் கையெழுத்துப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளே பெயின்ட் தின்னர் வாடை இருந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, அவ்வளவுதான். உன் விண்ணப்பம் இரண்டு மாதமாக என் மேஜைமேல் இருக்கிறது. பேனாவை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. நீ நம்பமாட்டாய்.

ஒன்று செய்கிறேன். வண்டிச் சாவியை அடைக்கலத்திடம் கொடு. நானே துவாக்குடிக்கு ஓட்டிப் போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறேன். நீ ஜோதியோடு இரு. பதில் போடு.

மாத்ருபூதம்


20 ஜூலை 2025

நவநீதா,

மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்கும் வேண்டாம்.

ஒன்பதாம் தேதி ஜோதியைக் கிடத்தியிருந்தபோது நான் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றேன். திங்கட்கிழமை ஏன் டயாலிசிஸுக்குப் போகவில்லை என்று யாரோ கேட்டார்கள். "வண்டில சார்ஜ் இல்ல. ஆட்டோவுல வரமாட்டேன்னுட்டா" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மயானத்துக்கும் வரவில்லை. என்னை அண்ணன் என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

இதோடு சங்கத்தின் கடிதத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. இப்போது எதற்கு என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

மாத்ருபூதம்


24 ஆகஸ்ட் 2025

நவநீதா,

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். டோரதி டீச்சர் பார்த்துக்கொள்கிறார்.

மூக்கன் நான் கையெழுத்துப் போட்டதால் போனான். ஜோதி நான் போடாததால் போனாள். சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். வந்து சட்டையைப் பிடித்துக் கேட்டாலாவது தேவலை. நீ வாய் திறக்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

மாத்ருபூதம்


28 செப்டம்பர் 2025

மாத்ரு,

உன் கடைசி இரண்டு கடிதங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. கோபத்தில் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். நினைக்கட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று அடைக்கலம், "அய்யா பாதியா எளச்சுட்டாருங்க, கைப்பிடியப் புடிச்சுதான் எறங்குறாரு" என்றார். அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்றைக்கு வண்டியில் சார்ஜ் இருந்தது. முந்தின நாள்தான் துவாக்குடியில் முழுக்க ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கிளம்பினோம். பால்பண்ணையில் வலது பக்கம் திரும்பினால் ஸ்ரீரங்கம். ஜோதி என் கையைத் தொட்டாள். "இன்னைக்கு எடது பக்கம் திருப்புங்களேன். மணப்பாறை போயி சுடச்சுட முறுக்கு வாங்கித் தாங்க. புதன்கிழம நல்ல புள்ளயா ஊசி குத்திக்கறேன்" என்றாள். நான் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது மாத்ரு. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

திண்டுக்கல் ரோட்டில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். மூன்று வருஷமாக உப்பில்லாமல் சாப்பிட்டவள் நான்கு முறுக்கு தின்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் அளந்து கொடுக்கிறவன் நான். அன்றைக்குப் பாட்டிலை அப்படியே கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். திரும்பும் வழியெல்லாம் தூங்கவேயில்லை, பேசிக்கொண்டே வந்தாள். பழைய டீசல் வண்டியில் அவள் பேசுவது எனக்குப் பாதி கேட்காது. அன்றைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டேன். நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வருஷக்கணக்காகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். புதன்கிழமை விடியவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டபோது, முறுக்கு தின்னக் கூட்டிக்கொண்டு போனேன் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் வந்தது அந்தப் பொய். முதல் தடவை தப்பிப்பதற்காகச் சொன்னேன். அப்புறம் நீ படியில் நிற்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, உனக்குக் கேட்கும்படியாக இன்னொரு தடவை சொன்னேன். நீ குன்றிப்போய் இறங்கிப் போனதையும் பார்த்தேன். எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பதினோரு வாரம் அதில்தான் என் காலம் ஓடியது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜோதி போனதில் உனக்குப் பங்கு இல்லை. மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் நியாயம்தான்.

அடைக்கலம் இதோடு ஒரு பொட்டலம் கொடுப்பார். மணப்பாறையில் கிளம்புகிற நேரத்தில், "மாத்ரு அண்ணனுக்கு ஒரு பாக்கெட் வாங்குங்க, பாவம், அவரும் பேச ஆள் இல்லாம இருக்காரு" என்று ஜோதி வாங்கச் சொன்னது. உன்னிடம் கொடுத்தால் எங்கே போனோம் என்று தெரிந்துவிடுமே என்று பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. சாப்பிடாதே.

நவநீதன்